பாலைவனக் கணக்கு தீவுக்கு ஆகாது

கேரவன், போர்ட்டா கேபின், பேரிடர்க்காலத் தகர வீடு மூன்றும் நம் பட்டறையில் ஏறக்குறைய ஒரே வார்ப்பில் பிறப்பவை. மெல்லிய உலோகத் தோல், தாழ்ந்த கூரை, சின்ன ஜன்னல். ராஜஸ்தான் வெயிலுக்கு ஒரு வழி கண்டுவிட்டால் அதையே எங்கும் அனுப்பிவிடுகிறோம்: பெட்டியை இறுக மூடு, பஃப் பேனல் ஒட்டு, கூலர் வை. அந்தமான் நிக்கோபாருக்குப் போகும் கேபின்களுக்கும் இதே விவரக்குறிப்பை எழுதுவது தவறு.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கார் நிக்கோபார், கச்சால், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் தீவுகளில் வீடிழந்தவர்களுக்கு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ஷீட்டில் இடைக்காலக் குடியிருப்புகள் எழுந்தன. பருவமழை வருமுன் கூரை போட்டாக வேண்டும்; பொருளெல்லாம் கப்பலில் வந்தாக வேண்டும். அந்த அவசரத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இடைக்காலம் என்றது ஆண்டுக்கணக்கில் நீண்டது. பகலில் உள்ளே இருக்க முடியாத புழுக்கம் என்பதே அங்கிருந்தவர்களின் ஓயாத முறையீடு. நாகப்பட்டினத்துத் தார் ஷீட் குடிசைகளிலும் இதே முறையீடுதான் எழுந்தது.

இத்தனைக்கும் போர்ட் பிளேரில் (இன்று ஸ்ரீ விஜயபுரம்) 35 டிகிரியைத் தாண்டும் நாள் அரிது. கெடுப்பது ஈரப்பதம். ஜெய்சல்மேரில் 42 டிகிரி, ஈரப்பதம் 15 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் வெப்பநிலை (நீர் ஆவியாவதால் காற்று இறங்கக்கூடிய கடைசி அளவு) 22 டிகிரி அளவில் நிற்கும். நல்ல கூலர் காற்றை 25 டிகிரிப் பக்கம் இறக்கிவிடும். தீவில் 32 டிகிரி, 80 சதவீதம் என்றால் ஈரக்குமிழே 29. கூலர் எவ்வளவு முயன்றாலும் மூன்று டிகிரிக்கு மேல் இறங்காது. அறையில் கசகசப்புதான் ஏறும். பாலைவனத்தில் தடித்த சுவர் பகல் சூட்டை வாங்கிவைத்து இரவுக் குளிரில் விட்டுவிடும். தீவின் இரவு பகலைவிட ஏழெட்டு டிகிரிதான் குறைவு. அங்கே அந்தச் சுவர் ஆறவே ஆறாது.

கூரையைப் பார்ப்போம். கார் நிக்கோபார் 9 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல். சதுர மீட்டருக்கு ஆயிரம் வாட் வரை வாங்குவது கூரை; சுவர் அல்ல. புது ஜி.ஐ. ஷீட் பளபளப்பதால் வெயிலைத் திருப்பிவிடும் என்று நம்பி ஏமாறுகிறோம். பளபளக்கும் துத்தநாகம் வாங்கிய சூட்டை எளிதில் கதிர்வீசி வெளியேற்றாது. உப்புக் காற்றில் மங்கத் தொடங்கிவிட்டால் வாங்குவதும் கூடிவிடும். நடுப்பகலில் ஷீட் 60 டிகிரியைத் தாண்டும். உள்ளே நிற்பவருக்குக் கால் சாதாரணமாக இருக்க, உச்சந்தலையும் தோளும் காந்தும். மின்விசிறியைச் சுழற்றினாலும் அந்தக் காந்தல் நிற்காது, ஏனென்றால் அது கூரை நேரே வீசும் கதிர். வெள்ளைக் கூலிங் பெயிண்ட் இரண்டு வேலையும் செய்யும்: வெயிலையும் திருப்பும், சூட்டையும் வெளியே விடும். அதைவிட மேல் இரட்டைக் கூரை. மேல் ஷீட்டுக்கும் கீழ் ஷீட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, இரு முனையும் திறப்பு. மேல் ஷீட்டின் திருகாணி கீழ் ஷீட்டைத் துளைக்கக் கூடாது. தனிச் சட்டத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சூடும் ஒழுக்கும் அதே துளை வழியாக இறங்கும். ஷீட்டுக்குக் காசில்லாத இடத்தில் தென்னங்கீற்று வேயலாம். நம் ஊர்களில் மொட்டைமாடிக்கும் தகரக் கொட்டகைக்கும் காலங்காலமாகச் செய்வதுதான்.

நிக்கோபாரியரின் வட்ட வீட்டை நம் வரைபட மேசைக்குக் கொண்டுவர வேண்டும். ஆளுயரத்துக்கு மேல் தூண்களில் நிற்கும் தளம், பிளந்த மரப்பட்டிகளின் இடுக்கு வழியே ஏறிவரும் காற்று, குவிமாடமாய்த் தடித்த புல் கூரை. நிழலும் காற்றோட்டமும்தான் அதன் முழு இயந்திரம். நாம் தரையில் காங்கிரீட் ஊற்றி, நான்கு பக்கமும் தகரத்தை இறக்கி, அந்த இரண்டையும் பறித்தோம்.

விதி நமக்குத் துணையாகவே இருக்கிறது. 2018-இன் எக்கோ நிவாஸ் சம்ஹிதா (குடியிருப்புகளுக்கான ஆற்றல் சேமிப்பு விதித்தொகுப்பு), தரைப் பரப்பில் திறக்கக்கூடிய ஜன்னல் குறைந்தது எவ்வளவு என்று வகுக்கும்போது வெப்ப வறண்ட பகுதிக்கு 10 சதவீதமும் வெப்ப ஈரப் பகுதிக்கு 16.66 சதவீதமும் கேட்கிறது. ஆனால் அது பெரிய மனைகளில் எழும் வீடுகளுக்கு வகுத்தது. கேபினையும் தற்காலிகக் குடியிருப்பையும் கட்டுப்படுத்தாது. எனவே எடை, விலை, காற்றின் வேகம் என்று டெண்டர் முடிந்துவிடுகிறது. ஏ.சி. போட்டுக்கொள்ளட்டும் என்ற பதிலும் எடுபடாது. தீவுகளின் மின்சாரம் பெரும்பாலும் டீசலில் ஓடுவது. கண்டென்சரின் அலுமினியத் துடுப்புகளை உப்பு அரித்துவிடும். சரியாக மூடாத பேனலுக்குள் ஈரம் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

நிழலுக்காக இறவாரத்தை நீட்டினால் புயல் அதைத் தூக்கிவிடும் என்று பொறியாளர் நண்பர்கள் எச்சரிப்பார்கள். நியாயமான அச்சம். திண்ணைக் கூரையைப் பிரதானக் கூரையோடு இணைக்காமல் தனியே கட்டினால், போனால் அது மட்டும் போகும். தளத்தை உயர்த்தினால் கால்களுக்குக் குறுக்குக் கம்பியும் உறுதியான நங்கூரமும் தேவை. தீவுகள் நிலநடுக்க மண்டலம் ஐந்தில் இருப்பதால் அதில் சமரசம் கூடாது. இந்தச் செலவை வெட்டிச் செலவு என்று கழிக்காதீர்கள்.

அடுத்த டெண்டரில் ஒரே ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ஏப்ரல் நண்பகலில் உள்கூரையின் வெப்பநிலை வெளிக்காற்றைவிட 4 டிகிரிக்கு மேல் உயரக் கூடாது. ஷீட்டுக்கு ஒரு தொடு வெப்பமானியும் காற்றுக்கு ஒரு சாதாரண வெப்பமானியும் போதும், எளிதில் அளந்துவிடலாம். ஏற்கெனவே தீவுகளில் கேபின் நிறுத்தியிருப்பவர்கள் கூரையின் மேல்பக்கம், கீழ்பக்கம், தலை மட்டக் காற்று மூன்றையும் நண்பகலில் அளந்து அனுப்புங்கள். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம், மோசமான அளவுகளையும் சேர்த்து.