தெளிவு மட்டும் போதாது

கொள்ளுச் சாறு வைக்கத் தெரியாத வீடு பொள்ளாச்சிப் பகுதியில் அரிது. நோயுற்றவரைக் காண வரும் உறவினர் பலர் அதைத் தூக்குப்போசியில் கொண்டுவருகின்றனர். அந்த அன்பை நாங்கள் மதிக்கிறோம். ஆயினும் போசியைத் திறந்தால் பெரும்பாலும் மேலே தெளிந்த நீர் மட்டுமே இருக்கிறது. வெந்த பயறு வீட்டில் கடைசலாகி, நலமாயிருப்போர் சோற்றில் சேர்ந்துவிடுகிறது. நோயாளிக்கு நீர், மற்றவர்க்குச் சத்து என்னும் இப்பங்கீடு மாற வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

இதற்கு இரண்டு நம்பிக்கைகள் காரணம். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழியைக் கேட்டவர்கள், கொள்ளு உடலை மேலும் இளைக்கச் செய்யும் என அஞ்சுகின்றனர். தையல் போட்டவர் பருப்பு உண்டால் புண் சீழ் பிடிக்கும் என்பது மற்றொன்று. சீழ் பிடிப்பது கிருமித் தொற்றினால், பருப்பினால் அன்று. புண் ஆறப் புதிய திசு வளர வேண்டும். அதற்குப் புரதம் இன்றியமையாதது. 100 கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உள்ளது. அதில் பெரும்பகுதி பயற்றிலேயே தங்குகிறது. வடித்த நீரில் இறங்குவது சிறிதே. முட்டை, பால், இறைச்சி உண்ணாதவர்க்கு இவ்வேறுபாடு பெரிது.

எனவே பயற்றோடு சேர்ந்த கெட்டிச் சாற்றை நாங்கள் பரிந்துரைக்கிறோம். 100 கிராம் கொள்ளைக் கல் நீங்க அரித்து, இரவு முழுவதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிடுங்கள். நான்கு குவளை புதுநீரும் சிறிது மஞ்சள்தூளும் சேர்த்து, விரலால் நசுக்கினால் மசியும்வரை குக்கரில் வேகவையுங்கள். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் சீரகம், மிளகு, ஆறு பல் பூண்டு, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, ஒரு தக்காளி ஆகியவற்றை வதக்குங்கள். வெந்த பயற்றையும் வதக்கியதையும் சேர்த்து அரைத்து, வேகவைத்த நீரிலேயே கரைத்து ஒரு கொதி விடுங்கள். இறக்கியபின் கொத்தமல்லித்தழை தூவி, எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். நெய் வேண்டியதில்லை. எலுமிச்சையிலுள்ள வைட்டமின் சி, பயற்றின் இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். உணவோடு தேநீரோ காப்பியோ அருந்தினால் அது குறையும். இவ்வளவை மூன்று பேர் பகிர்ந்தால் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 7 கிராம் புரதம் கிடைக்கும். ஒரு முட்டையில் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவே.

இது எல்லோர்க்கும் எல்லா நாளும் பொருந்தும் என நாங்கள் கூறவில்லை. வயிற்று அறுவை சிகிச்சைக்குப்பின் தெளிந்த நீராகாரம் மட்டும் என மருத்துவர் கூறியிருந்தால், அந்நாட்களில் தெளிவே சரி. சிறுநீரக நோயுடையோர் புரதத்தையும் பொட்டாசியத்தையும் அளந்து உண்ண வேண்டியிருக்கலாம். அவர்களும், யூரிக் அமில மிகுதியால் மூட்டுவலி உடையோரும் கேட்டறிந்த பின்னரே அருந்த வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளோர்க்கு உப்பைக் குறையுங்கள். விழுங்கச் சிரமப்படுவோர்க்கு எந்தப் பதத்தில் தரலாம் என்பதைச் செவிலியரிடம் கேளுங்கள்.

விலையுயர்ந்த சத்துமாவு டப்பாவை வாங்க இயலவில்லையே என வருந்தும் குடும்பத்தினரை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். மருத்துவர் எழுதித் தந்த சத்துமாவை நிறுத்த வேண்டாம். எழுதித் தராதபோது கடன்பட்டு வாங்கவும் வேண்டாம். நம் மானாவாரி நிலத்தில் சிறு மழைக்கே விளையும் பயறு உங்கள் அடுக்களையிலேயே இருக்கிறது. அடுத்த முறை போசியை நிரப்பும்போது, அடியில் தங்கிய பயற்றையும் மசித்துச் சேர்த்துக் கொண்டுவாருங்கள். தேறிவர வேண்டியவர்க்கே அதன் முதற்பங்கு உரியது.