தண்டவாளத்துக்கு என்ன வாடகை?

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் கூனியெல்லா என்றொரு ரயில் பாதை இருக்கிறது. அதில் ஓடும் நிலக்கரி ரயிலின் நீளம் சுமார் 2 கிலோமீட்டர். லெவல் கிராஸிங்கில் மாட்டிக்கொண்டால் நிதானமாக ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். ஒரு நடையில் சுமார் 10,000 டன் நிலக்கரி துறைமுகத்துக்குப் போகிறது.

அதில் பெரும்பகுதி, உருக்கு தயாரிக்கத் தேவையான கோக்கிங் நிலக்கரி. இந்திய உருக்கு ஆலைகள் இந்த ரகத்துக்குப் பெரும்பாலும் இறக்குமதியையே நம்பியிருக்கின்றன. அதிலும் ஆஸ்திரேலியாதான் முக்கியமான சப்ளையர். அங்கே ஒரு தண்டவாளம் பழுதானால், இங்கே உருக்காலையின் பர்ச்சேஸ் மேனேஜருக்குத் தூக்கம் போகும்!

அந்தத் தண்டவாளத்துக்கு என்ன வாடகை என்ற கேள்வியில், 2017 முதல் 2019 வரை அங்கே ஒரு பெரிய இழுபறி நடந்தது.

மண்டபமும் சமையலும்

மத்திய குவீன்ஸ்லாந்தின் நிலக்கரிப் பாதைகள் மொத்தம் சுமார் 2,670 கிலோமீட்டர். ஒரு காலத்தில் மாநில அரசின் ரயில்வே. 2010-ல் பங்குச் சந்தைக்கு வந்து, 2012-ல் ஆரைசன் என்று பெயர் மாறியது. பாதையை நடத்துவது ஆரைசன் குழுமம். அந்தப் பாதையில் நிலக்கரி ரயில் ஓட்டுவதும் அதே குழுமம். பசிபிக் நேஷனல் போன்ற போட்டி நிறுவனங்களும் இதே பாதையில்தான் ரயில் ஓட்டியாக வேண்டும்.

ஊருக்கு ஒரே கல்யாண மண்டபம், அதன் ஓனரே சமையல் கான்ட்ராக்டரும்கூட என்றால் எப்படி இருக்கும்? வெளியிலிருந்து வேறொரு சமையல்காரர் வந்தால், அவருக்கு அடுப்படியை எப்போது, என்ன வாடகைக்குத் திறந்துவிடுவார்?

அதனால்தான் நடுவில் ஒரு அமைப்பு வேண்டியிருக்கிறது. அதுதான் குவீன்ஸ்லாந்து போட்டி ஆணையம். பாதையைப் பயன்படுத்துவதற்கான கட்டணம், முன்னுரிமை, பராமரிப்பு எல்லாவற்றையும் ஒரு விதித்தொகுப்பாக எழுதி ஆரைசன் கொடுக்கும். ஆணையம் அதை அலசி, ஏற்கும் அல்லது திருப்பி அனுப்பும்.

100 கோடி வித்தியாசம்

2017 ஜூலையில் தொடங்கும் நான்கு ஆண்டுகளுக்கு சுமார் 490 கோடி ஆஸ்திரேலிய டாலர் வசூலிக்க அனுமதி கேட்டது ஆரைசன். அந்த டிசம்பரில் ஆணையம் வெளியிட்ட வரைவு முடிவில் இருந்தது சுமார் 390 கோடி டாலர். முதலீட்டுக்கான வருமானமாக நிறுவனம் கேட்டது 6.78 சதவிகிதம். வரைவில் இருந்தது 5.41.

1.37 சதவிகிதத்துக்கா இவ்வளவு சண்டை என்று தோன்றலாம். ஆனால், இந்தத் தொழிலில் வாடகை என்பதே பாதையின் மதிப்பு, அதற்கான வருமான விகிதம், தேய்மானம், பராமரிப்பு ஆகியவற்றின் கூட்டல்தான். பாதையின் மதிப்பில் ஒவ்வொரு 100 கோடி டாலருக்கும், 1 சதவிகிதம் கூடினால் வருடத்துக்கு 1 கோடி டாலர் கூடும். இங்கே பாதையின் மதிப்போ பல நூறு கோடி.

2018 பிப்ரவரியில் ஆரைசன் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. வரைவில் உள்ள தொகைக்கு ஏற்ப பராமரிப்பு முறையை மாற்றப்போவதாகவும், அதனால் வருடத்துக்கு சுமார் 2 கோடி டன் நிலக்கரி குறைவாகப் போகலாம் என்றும் சொன்னது. அப்போது அந்தப் பாதைகளில் மொத்தமாகப் போனதே வருடத்துக்கு சுமார் 23 கோடி டன்தான்.

அதுவரை ரயில்களுக்கு இடைஞ்சல் வராமல் வளைந்துகொடுத்து நடந்த வேலைகள், இனி செலவு குறைவான நேரத்தில் நடக்கும் என்பதுதான் இதன் அர்த்தம். சுரங்க நிறுவனங்கள் கொதித்தன. வரைவுதானே வந்திருக்கிறது, இறுதி முடிவு வருவதற்குள் ஏன் இந்த அவசரம் என்ற கேள்வி நியாயமானதே. தண்டவாளத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு எவ்வளவு பலம் என்பது அந்த ஒரு அறிவிப்பில் எல்லோருக்கும் புரிந்தது.

ஆணையத் தலைவர் ராய் கிரீன், நியூசவுத்வேல்ஸின் நியூகாசில் துறைமுகத்துக்கும் தலைவராக இருந்தார். அதுவும் நிலக்கரித் துறைமுகம். இதைக் காட்டி ஆரைசன் நீதிமன்றம் போனது. மனு தள்ளுபடியானது. 2018 டிசம்பரில் இறுதி முடிவு வந்தது: 5.7 சதவிகிதம், சுமார் 410 கோடி டாலர்.

கூடுதல் வாடகைக்குச் சம்மதம்

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால், ஆரைசனும் அதன் பெரிய வாடிக்கையாளர்களும் தனியாக உட்கார்ந்து பேசினார்கள். 2019 மே மாதம், விதிகளைத் திருத்தச் சொல்லி ஆரைசன் ஆணையத்திடம் போனது. அந்தத் திருத்தத்தில் வருமான விகிதம் 5.9 சதவிகிதம், பிறகு 6.3. அதாவது, ஆணையம் குறைத்துக் கொடுத்த வாடகையை, வாடகை கட்டுபவர்களே கூட்டித்தரச் சம்மதித்திருந்தார்கள்!

சும்மா ஒன்றும் இல்லை. பராமரிப்பு, புதுப்பித்தல் பட்ஜெட்டில் அவர்களுக்கு நேரடியாகக் கருத்துச் சொல்லும் உரிமை கிடைத்தது. இன்னொன்று அதைவிட முக்கியம். பாதையில் உண்மையில் எத்தனை ரயில்கள் ஓட முடியும் என்பதை வெளியார் ஒருவர், ஒரு சுயேச்சை நிபுணர், அளந்து சொல்ல வேண்டும். அவருடைய அறிக்கை வந்த பிறகுதான் 6.3. விற்ற டிக்கெட்டுக்கு சீட் இல்லை என்று தெரிந்தால், அதைச் சரிசெய்ய வழியும் எழுதப்பட்டது.

நிலக்கரி ஏற்ற வந்த கப்பல் துறைமுகத்தில் காத்துக் கிடந்தால், அதற்கும் தினமும் பணம் கட்ட வேண்டும். சுரங்கக்காரர்களுக்கு சில சென்ட் வாடகையைவிட, ரயில் சொன்ன நேரத்துக்கு வருவது பெரிய லாபம்.

இரு தரப்பும் கைகுலுக்கிவிட்டால் ஆணையத்துக்கு என்ன வேலை? இருக்கிறது. மேஜையில் உட்கார்ந்தவர்கள் பெரிய நிறுவனங்கள். அடுத்து பாதைக்கு வரப்போகிறவர்களின் நலனையும் பொதுநலனையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது சட்டம். அதானி குழுமம் கார்மைக்கேல் சுரங்கத்திலிருந்து தானே போட்ட சுமார் 200 கிலோமீட்டர் பாதைகூட, துறைமுகத்துக்குப் போக ஆரைசனின் பாதையில்தான் வந்து சேர்கிறது. அப்படி வருபவருக்கும் அதே விதிதானா என்று பார்க்க ஒருவர் வேண்டுமே!

பொதுக் கருத்துகளைக் கேட்டுவிட்டு, 2019 டிசம்பரில் ஆணையம் திருத்தத்துக்கு ஒப்புதல் தந்தது. நான்கு வருட விதிகள் 10 வருடமாகி, 2027 ஜூன் வரை நீண்டன.

சுயேச்சை நிபுணரின் முதல் மதிப்பீடு 2021-ல் வெளியானது. ஒப்பந்தம் போட்டுக் கொடுத்த அத்தனை ரயில்களையும் ஓட்ட, பாதையில் பல இடங்களில் திறன் போதவில்லை என்று அதில் இருந்தது.