கணினியிற் கடிதம் பேணுதல்

கடிதம் எழுதுதல் ஒரு கலை என்பதை மறுப்பார் இலர். வந்த கடிதங்களைப் பழுதுறாது பேணுதலும் அதனிற் குறையாத கடமையாகும். இக்காலத்துக் கடிதங்களிற் பெரும்பாலன மின்னஞ்சலாகவே கணினியில் உறைகின்றன. ஆயினும், அவை உறையும் கோப்புறைகளின் இயல்பை அறிந்தார் நம்முள் எத்துணைப் பேர்? மன்றங்களின் செயலர்களாய் அமர்ந்து, பழைய மாணவரும் அறிஞரும் விடுத்த கடிதங்களைக் காக்கும் பொறுப்பேற்கும் நாம் இதனை அறியாதிருத்தல் தகாது என்பதே என் கருத்து.

2004ஆம் ஆண்டில் முதற் பதிப்பு வெளிவந்த தண்டர்பேர்டு என்னும் அஞ்சற் செயலியை எடுத்துக்கொள்வோம். அதிற் கோப்புறை ஒன்றைத் திறக்குங்கால் கடிதங்கள் தோன்றாமற் போதலும், ஒரு தலைப்பைத் தொட்டால் வேறொரு கடிதம் விரிதலும், படிக்கப்பெறாத கடிதங்களின் எண்ணிக்கை பிறழ்தலும் சிற்சில வேளைகளில் நிகழ்வன. கண்டவுடன், 'அனைத்தும் அழிந்தன' என்று மனங்கலங்கி, அக்கோப்புறையை நீக்கிவிட்டுப் புதிதாய்த் தொடங்குவாரும் உளர். அந்தோ! அழியாதிருந்ததை அழிப்பது அவர்தம் கையே.

ஏனெனில், கணினியில் அச்செயலி வைத்துக்கொள்ளும் கோப்புறை ஒவ்வொன்றுக்கும் பொதுவாக இரண்டு கோப்புகள் உண்டு. கடிதங்கள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொகுக்கப்பெற்ற மூலம் ஒன்று, 'எம்.எஸ்.எஃப்.' என்னும் ஈறுடைய அட்டவணை மற்றொன்று. நாம் திரையிற் காணும் வரிசை அவ்வட்டவணையின் வழியே வருவது. நூல்நிலையத்து அட்டவணை கிழிந்தால் நூல்களே அழிந்தன என்பார் உளரோ? ஆதலின், முதற்கண் செயலியை மூடிவிட்டுக் கடிதங்கள் உறையும் 'புரொஃபைல்' அடைவு முழுவதற்கும் படி ஒன்று எடுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும். பின்னர்ச் செயலியைத் திறந்து, அக்கோப்புறையின் பண்புகளைக் காட்டும் பகுதியிலுள்ள பழுதுநீக்கும் பொத்தானை அழுத்துக. செயலி மூலத்தை முதலிலிருந்து படித்து, அட்டவணையைப் புதிதாய் ஆக்கிக்கொள்ளும்.

பிறிதொன்றும் அறியற்பாலது. நாம் நீக்கிய கடிதம், நீக்கப்பெற்றது என்னும் குறியோடு மூலக் கோப்பிலேயே கிடக்கும்; கோப்புறையைச் சுருக்கும்போதுதான் அகலும். சுருக்காது விடின் கோப்பு பெருத்துச் செயலி தளரும். மேலும், கடிதங்கள் யாவும் ஒரே கோப்பில் இருத்தலின், வைரஸ் புகுந்த கடிதம் ஒன்றன்பொருட்டு, வைரஸ் தடுக்கும் மென்பொருள் இன்பாக்ஸ் முழுவதையுமே ஒதுக்கிவிடுதலும் உண்டு. ஆகவே இன்பாக்ஸைச் சிறிதாக வைத்து, கடிதங்களைப் பொருள்தோறும் வேறு கோப்புறைகளிற் பிரித்து வைத்தல் நன்று.

'கடிதங்கள் சர்வரிலேயே இருக்குமே, இத்தொல்லை எற்றுக்கு?' என வினவுவர் சிலர். ஐமேப் முறையைப் பொறுத்தவரை அது மெய்யே. பழுது நீக்கினால் கடிதங்கள் சர்வரிலிருந்து மீண்டும் வந்து சேரும். ஆனால் அம்முறையில் இங்கு அழிப்பது அங்கும் அழியும். கணக்கு மூடப்பெறின் அங்குள்ளதும் போம். நம் கையிற் படி ஒன்று இல்லையேல் பின்னர் எவரை நோவது?

இது பொறியியல் கற்றார்க்கே உரியது என்று ஒதுங்குதல் தமிழ் பயில்வார்க்கு அழகன்று. மூலத்தையும் அதன் அட்டவணையையும் வேறு பிரித்தறிதல் நமக்குப் பழகிய தொழிலேயன்றோ? பொறுப்புக் கைமாறும் நாளில், அடுத்து வருவார்க்குக் கடவுச்சொல்லை மட்டும் அளித்து அமையாது, கடிதங்களின் படியையும் அவற்றைக் காக்கும் முறையையும் ஒருங்கே அளித்தல் ஒவ்வொரு செயலரின் கடனாகும்.