மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்

ஏற்காட்டில் கம்ப்யூட்டருக்கு ஒரு பாகம் வேண்டுமென்றால் பெரும்பாலும் சேலத்துக்குத்தான் இறங்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு. வாங்கி வந்த ராம் சேரவில்லையா, மறுபடியும் அதே இருபது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து போக்குவரத்து தடைபட்டதே, அப்போது அதுவும் இல்லை. சென்னைக்காரர் ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கி மாற்றிக்கொள்வார். நமக்கு அது கட்டுப்படியாகாது.

காப்பித் தோட்ட ஆபீசிலும் ஹோம்ஸ்டே வரவேற்பிலும் நான் பார்ப்பவை பெரும்பாலும் கம்பெனிகள் கழித்துவிட்ட பிராண்டட் பெட்டிகள். டெல் ஆப்டிபிளெக்ஸ், லெனோவா திங்க்சென்டர் வகையறா. கூலிக் கணக்குக்கும் ரூம் புக்கிங்குக்கும் தாராளமாகப் போதும். ஆனால் நாலு ஜிபி ராமோடு வந்திருக்கும். பிரௌசரைத் திறந்ததுமே திணறும். "இன்னொரு ராம் போட்டுடலாங்க" என்று யாராவது சொல்வார்கள். எந்த ராம் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றிலும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று இறங்காது. இது பலருக்குத் தெரியும். பெட்டியின் வயதை வைத்து ரகத்தை ஊகிப்பதில்தான் ஏமாறுகிறார்கள். ஆப்டிபிளெக்ஸ் 3040, 7040 இரண்டிலும் இருப்பது இன்டெலின் ஆறாம் தலைமுறை பிராசசர்தான். ஆனால் 3040 கேட்பது டிடிஆர்3எல், 7040 கேட்பது டிடிஆர்4. மாடல் நம்பர் சரியாகத் தெரிந்தாலும் முடிந்துவிடாது. 7050 டவரில் நீள ராம். அதே 7050 குட்டிப் பெட்டியாக வந்தால் லேப்டாப்புக்குப் போடும் குட்டை ராம். "எல்லாத்துக்கும் சேரும் சார்" என்று ஒரு கடைக்காரர் சொன்னால், நான் அடுத்த கடைக்குப் போய்விடுவேன்.

ஆன்லைனில் அடிமாட்டு விலைக்கு வரும் ராம் இன்னும் மோசம். சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு டிடிஆர்4 ராம் நம் ஸ்லாட்டில் அழகாக உட்காரும், பெட்டி மட்டும் எழாது. டிடிஆர்3-இல் ஏஎம்டி போர்டுகளுக்கு மட்டுமே ஆகும் ஒரு ரகமும் உண்டு. விளம்பரத்தில் அது பொடி எழுத்தில் இருக்கும்.

2025 கடைசியில், ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் ராம் விலை எகிறியது. டிசம்பரில் மைக்ரான் தன் குருஷியல் பிராண்டைச் சில்லறைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்வதாகவே அறிவித்துவிட்டது. கம்ப்யூட்டர் மாடலைக் கொடுத்தால் சேரும் ராமைக் காட்டும் வசதியைக் குருஷியல் வைத்திருந்தது. பலரும் அதை நம்பித்தான் வாங்கினார்கள். இனி நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பார்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை. விண்டோஸ் 10, 11-இல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொட்டால் வேகம், நீளமா குட்டையா, எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதெல்லாம் வரும். ரகத்தைச் சொல்ல சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. போர்டு அதிகபட்சம் எவ்வளவு தாங்கும் என்பது அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். விண்டோஸ் 32 பிட்டா என்றும் பாருங்கள். ஆமென்றால் நாலு ஜிபிக்கு மேல் போடுவது வீண் செலவு. வேகத்துக்கும் கூடுதல் காசு வேண்டாம். 2133-க்கு மேல் ஓடாத போர்டில் 3200 போட்டாலும் அது 2133-இல்தான் ஓடும்.

இத்தனையும் பார்த்தபின் மின்இணைப்பைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, ராம் மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிசி3எல்-12800 என்றோ பிசி4-2400டி என்றோ இருக்கும். பிசி3-க்குப் பின்னால் அந்த ‘எல்’ இருக்கிறதா என்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். அது 1.35 வோல்ட் ரகம். ‘எல்’ இல்லாதது 1.5 வோல்ட். 3040 மாதிரி போர்டுகளுக்கு 1.5 வோல்ட் ஆகாது. சேலத்தில் கடைக்காரர் "டிடிஆர்3 தானே?" என்று கையில் கிடைத்ததை எடுத்து நீட்டினால், போனை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.