சிகரத்தைக் கண்டோம், மலையைக் கண்டோமா?

டிசெம்பர் மாதத்து உந்துவப் பூரணையோடு ஆரம்பமாகும் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம், மே மாதத்து வெசாக் பூரணையோடு நிறைவடைகிறது. இந்த ஆறு மாத காலத்தில் பல இலட்சம் பேர் அந்த மலையில் ஏறி இறங்குகிறார்கள். புலம்பெயர்ந்து வாழும் நம்மவர்களும் விடுமுறையில் வரும்போது, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஹற்றன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் செல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கம்தான். ஆனால், சென்று வந்தவர்களிடம் என்ன கண்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சூரிய உதயத்தைக் கண்டோம் என்பார்கள்; மலையின் முக்கோண நிழல் மேற்கே முகில்களின் மீது விழுந்ததைக் கண்டோம் என்பார்கள். ஏறும்போது மூச்சு வாங்கியதையும் இறங்கும்போது முழங்கால் வலித்ததையும் சொல்வார்கள். காட்டைப் பற்றி எவரும் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

காரணம் எளியது. நாம் இருட்டில் ஏறுகிறோம். நள்ளிரவுக்குப் பின்னர் புறப்பட்டு, மின்விளக்குகளின் வரிசையைப் பின்பற்றி, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை எண்ணிக்கொண்டு, உதயத்துக்கு முன்னர் உச்சியை அடைகிறோம். மணியை அடித்து, பாதத்தை வணங்கி, படம் பிடித்துக்கொண்டு, உறக்கக் கலக்கத்தோடு இறங்கி வந்து பஸ் ஏறுகிறோம். 2,243 மீற்றர் உயரமான மலையில் நமக்குத் தெரிந்தது அதன் உச்சி மட்டுமே.

ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் வந்த ஒருவர் நம்மைவிட அதிகம் கண்டிருக்கிறார். மொரோக்கோ நாட்டு யாத்திரிகரான இபன் பதூதா, 1344 இல் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி மன்னனைச் சந்தித்தார். முத்துகளைக் காட்டி மகிழ்ந்த மன்னனிடம் அவர் வேண்டிக்கொண்டது பாவா ஆதத்தின் பாதத்தைத் தரிசிக்க வழி செய்து தரவேண்டும் என்பதையே. சைவனான மன்னன், முஸ்லிமான அந்த விருந்தினருக்குப் பல்லக்கும் கொடுத்து, வழித்துணையாக யோகிகளையும் பிராமணர்களையும் ஏவலாளரையும் அனுப்பிவைத்தான். நான்கு மதத்தவருக்கும் பொதுவான மலை என்று மேடைகளில் நாம் பேசுவதை அந்த மன்னன் செய்தே காட்டினான்.

இபன் பதூதாவின் பயணக் குறிப்புகளில் பாதச்சுவடும், செங்குத்தான பாறையில் பிடித்து ஏறுவதற்கான இரும்புச் சங்கிலிகளும் இடம்பெறுகின்றன. அவற்றோடு, நீண்ட வாலும் மனிதரைப் போலத் தாடியும் கொண்ட கருங்குரங்குகள் வருகின்றன; ஆளைக் கண்டதும் பாய்ந்து பற்றும் அட்டையும், அதைக் கழற்றுவதற்கு எலுமிச்சம்பழம் கொண்டுசெல்லும் வழக்கமும் வருகின்றன; உள்ளங்கை அளவான சிவப்பு மலரும் வருகிறது. அந்த மலர், சிங்களத்தில் மகாரத்மல் எனப்படும் செம்மலராக இருக்கலாம் என்று எண்ணத் தோன்றுகிறது. பகலில், விழித்த கண்ணோடு ஏறியவரின் குறிப்பு அது.

இன்றும் பகலில் ஏறுபவருக்கு அந்தக் காடு தன்னைக் காட்டுகிறது. தேயிலைச் செடிகள் முடிந்து மரங்கள் தொடங்கும் இடத்திலேயே காற்றின் குளிர் மாறுகிறது. மேலே போகப்போக மரங்கள் குட்டையாகின்றன. கிளைகளில் பாசி தொங்குகிறது. உலகில் இலங்கையில் மட்டுமே வாழும் மஞ்சட்காதுக் கொண்டலாத்தியின் குரல் கேட்கிறது. மூக்கு நுனியில் சிறு கொம்பு முளைத்த ஓணான் வாழ்வதும் இந்த மலைக்காடுகளில்தான். யாத்திரைக் காலத்தில் மலையை நோக்கிப் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகள் பாதத்தை வணங்கவே செல்கின்றன என்பது சிங்கள மக்களின் நம்பிக்கை. மலையின் சிங்களப் பெயரான சமனலகந்த என்பதற்கே வண்ணத்துப்பூச்சி மலை என்றும் பொருள் கொள்வார்கள்.

இது வெறும் அழகு பற்றிய பேச்சன்று. 1940 இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டு, 2010 இல் மத்திய மலைநாட்டின் ஏனைய இரு வனப்பகுதிகளோடு சேர்த்து உலக மரபுரிமையாக ஏற்றுக்கொள்ளப்பட்ட காடு இது. களனி கங்கை, களு கங்கை, வளவை கங்கை ஆகியன ஊற்றெடுப்பது இந்த மலைத்தொடரில்தான். கொழும்பில் குழாயைத் திறந்து நீர் அருந்துபவர் இந்தக் காட்டிடம் கடன்பட்டவர். லக்சபானை மின்நிலையங்களின் ஒளியில் படித்தவரும் அவ்வாறே. கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலைநாட்டுக் காடுகளை வெள்ளைக்காரத் துரைமார் அழித்தபோது எஞ்சிய மிச்சம் இது. இதற்கு மேல் இழப்பதற்கு நம்மிடம் அதிகம் இல்லை.

2020 மே மாதத்தில், மலையடிவாரத்தின் நல்லதண்ணிப் பகுதியில் கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்குக் கம்பியில் சிக்கியது. வனசீவராசிகள் திணைக்களத்தினர் அதனை மீட்டு உடவளவைக்குக் கொண்டுசென்று சிகிச்சை அளித்தும், சில நாட்களில் அது இறந்துபோனது. இலங்கையில் மிக மிக அரிதாகவே காணப்படும் நிறத்தையுடைய சிறுத்தை அது. புலியோ சிங்கமோ இல்லாத நமது காட்டில் சிறுத்தைதான் அரசன். அது இல்லாமற்போனால் மானும் மரையும் பன்றியும் தம் அளவை மீறும்; காட்டின் கணக்குப் பிழைத்துவிடும்.

அப்போது எழுந்த கண்டனங்களில் ஒரு தொனி எனக்கு உடன்பாடாக இருக்கவில்லை. தோட்டத்து மக்கள்தான் குற்றவாளிகள் என்று, கொழும்பில் இருந்துகொண்டே சிலர் தீர்ப்பு எழுதினார்கள். சுருக்குக் கம்பி வைப்பது குற்றம். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால், அந்தக் கம்பி பெரும்பாலும் பன்றிக்காக வைக்கப்படுகிறது. லயன் அறைக்குப் பின்னால் உள்ள துண்டு நிலத்தில் போஞ்சியும் கோவாவும் பயிரிட்டு, ஒரே இரவில் அதைப் பன்றிக்குப் பறிகொடுப்பவரின் நிலையையும் எண்ணிப்பார்க்க வேண்டும். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்து, 2021 இல்தான் அதைப் பெற்ற மக்கள் அவர்கள். பயிருக்கு வேலியும் சேதத்துக்கு நட்டஈடும் கொடுக்காமல், சட்டத்தை மட்டும் கொடுத்தால் சிறுத்தை பிழைக்காது. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் தேயிலை மலையில் சிறுத்தை பாயுமோ என்ற அச்சம் உண்டு. அந்த அச்சத்துக்கும் யாரேனும் பதில் சொல்லியாக வேண்டும்.

யாத்திரிகர்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. நாம் விட்டு வரும் பொலித்தீன் பைகளும் பிளாஸ்ரிக் போத்தல்களும் படிக்கட்டின் இருபுறமும் சரிந்து, மழையோடு ஓடைகளில் இறங்குகின்றன. ஆண்டுதோறும் இளைஞர்களும் படையினரும் மூட்டை மூட்டையாக அள்ளி இறக்குகிறார்கள். ஒருவர் போட்டதை இன்னொருவர் சுமந்து இறக்குவது புண்ணியம்தான். ஆனால் போட்டவருக்கு அந்தப் புண்ணியத்தில் பங்கில்லை.

சுற்றுலா வருமானத்தைப் பெருக்குவதற்காக, யாத்திரைக் காலத்துக்கு வெளியிலும் மலைக்கு ஆட்களை அழைத்துவர வேண்டும் என்ற எண்ணம் சிலரிடம் இருக்கிறது. நான் அதனை ஏற்கமாட்டேன். வெசாக்கோடு விளக்குகள் அணைந்து, கடைகள் பிரிக்கப்பட்டு, தென்மேல் பருவமழை இறங்கும் அந்த ஆறு மாதங்கள் காட்டுக்குரியவை. இந்த ஓய்வைக் காட்டுக்குக் கொடுத்தவர்கள் நமது முன்னோர். சூழலியல் என்ற சொல்லை அறியாதவர்கள். கோயிலுக்கு நடை சாத்தும் நேரம் உண்டு என்பதை ஏற்கும் நாம், மலைக்கும் அது உண்டு என்பதை ஏற்கத் தயங்கக்கூடாது.

வரப்போகும் வாசகர்களுக்கு நான் சொல்வது இதுதான். யாத்திரைக் காலத்தில் வாருங்கள். ஒரு தடவையாவது பகலில் ஏறுங்கள். உச்சியில் மாலை வெளிச்சத்தைப் பாருங்கள். இரவை அங்கே கழித்து, உதயத்தையும் கண்டு இறங்குங்கள். வெறும் போத்தல்களை உங்கள் பையிலேயே கொண்டு திரும்புங்கள். நல்லதண்ணியில் தேநீர் விற்கும் தோட்டத்துப் பிள்ளையிடம் பேரம் பேசாதீர்கள். அந்தப் பிள்ளைக்குக் காட்டினால் ஒரு வருமானம் கிடைத்தால், காட்டைக் காப்பதற்கு அதுவே முதற் காவலாகும். உங்கள் பிள்ளைகளிடம் பாதத்தின் கதையைச் சொல்லுங்கள். அந்தக் கருஞ்சிறுத்தையின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.