குடியாத்தம் புகட்டும் பாடம்

சட்டசபைத் தொகுதி என்பது தேர்தல் உத்தியோகஸ்தர்கள் தங்கள் சௌகரியத்திற்காகப் படத்தில் கிழித்துக்கொண்ட ஒரு கோடு என்றே பலர் எண்ணியிருக்கின்றனர். இந்த எண்ணம் பிழையானது. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அச்சரித்திரத்தை ஊன்றிப் படிப்போருக்கு ஜனநாயகம் இந்நாட்டில் எங்கே வேரூன்றியது, எங்கே வாடியது என்பது தெளிவாகப் புலப்படும். பழைய வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்ததும், தற்போது வேலூர் ஜில்லாவில் அடங்கியதுமான குடியாத்தம் தொகுதியின் வரலாற்றை இன்று நமது வாசகர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறோம். தமிழ்நாட்டின் பொதுவாழ்வுக்கு ஒரு பெருமையையும், பின்னர் ஒரு பெருங்குறையையும் இவ்வொரு தொகுதியே நமக்குக் காட்டுகிறது.

கௌண்டன்ய நதியின் கரையிலுள்ள குடியாத்தம் தொழிலாளரின் ஊர். லுங்கி நெசவு, தீப்பெட்டித் தொழில், பீடி சுற்றுதல் ஆகியவையே அங்குள்ள ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. இத்தகைய மக்களுக்கு அன்னிய ஆட்சியில் வாக்குரிமை ஏது? 1919-ம் வருஷச் சட்டத்தின்படி 1920-ல் சென்னை மாகாணத்தில் தேர்தல் நடந்தபோது, சொத்தும் வரியும் உடையவர்களே வாக்காளராயினர். 1935-ம் வருஷச் சட்டம் வாசலைச் சற்று அகலத் திறந்ததேயன்றி, தறியையே நம்பி வாழும் ஏழை நெசவாளி அப்பொழுதும் பெரும்பாலும் வெளியிலேயே நின்றான். வயது வந்தோர் யாவருக்கும் வாக்கு என்ற நியாயம் 1952-ம் வருஷப் பொதுத் தேர்தலில்தான் அவன் கைக்கு எட்டியது. இவ்வுரிமை எத்தனை பேருடைய சிறைவாசத்திற்கும் தியாகத்திற்கும் பின்னர் கிடைத்தது என்பதை மறந்துவிடலாகாது.

அவ்வுரிமை கிடைத்த இரண்டே ஆண்டுகளில் குடியாத்தம் நாடறிந்த ஊராயிற்று. 1952-ல் ராஜாஜி முதன்மந்திரிப் பதவியை ஏற்றபோது, தேர்தலில் நில்லாமல் கவர்னரின் நியமனத்தினால் மேல்சபை அங்கத்தினரானார். அது சட்டத்திற்கு விரோதமன்று. ஆயினும் ஜனங்களின் நேரடியான சம்மதமின்றி மந்திரி சபைத் தலைமையை வகிப்பது முறைதானா என்ற கேள்வி அன்றே பலமாக எழுந்தது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதன்மந்திரியானார். அப்பொழுது அவர் சட்டசபை அங்கத்தினரல்லர். ஸ்ரீவில்லிபுத்தூரின் சார்பில் பார்லிமெண்டில் இருந்தவர். சட்டசபையில் இடம் பெறாத மந்திரி ஆறு மாத காலத்திற்குள் இடம் பெற்றாக வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 164-வது ஷரத்து. மேல்சபை என்ற சுலபமான பாதை அவருக்கும் திறந்தே இருந்தது. அவர் அதில் நுழையவில்லை. குடியாத்தம் உப தேர்தலில் அபேட்சகராக நின்று ஜனங்களின் தீர்ப்பைக் கேட்டார்.

விருதுநகரில் பிறந்த காமராஜருக்குக் குடியாத்தம் சொந்த ஊருமன்று, பந்துக்கள் நிறைந்த இடமுமன்று. இருந்தும் கட்சி பேதத்தை ஒதுக்கிவிட்டு அவருக்கு ஆதரவு திரண்டது. காங்கிரஸை வன்மையாக எதிர்த்துவந்த பெரியார் அவரை ஆதரித்தார். அண்ணாதுரையின் தலைமையிலிருந்த திராவிட முன்னேற்றக் கழகமும் அவ்வாறே செய்தது. கம்யூனிஸ்டு கட்சி மாத்திரம் கோதண்டராமனைப் போட்டியாக நிறுத்திற்று. காமராஜர் வெற்றி பெற்றார். ஆனால் போட்டியே இல்லாதிருந்தால் அவ்வெற்றிக்கு இத்துணை மதிப்பு இருந்திராது. ஒரு முதன்மந்திரி சாதாரண அபேட்சகரைப்போல் வீதியில் இறங்கி வாக்குக் கேட்கவும், அவரை எதிர்த்து ஒரு கட்சி தைரியமாக நிற்கவும் இடமிருந்ததே அத்தேர்தலின் சிறப்பு.

1957-ல் காமராஜர் சாத்தூரில் நின்றார். 1954-ல் தோற்ற அதே கோதண்டராமனைக் குடியாத்தம் வாக்காளர்கள் சட்டசபைக்கு அனுப்பினர்! இது நன்றி மறந்த செயல் என்று யாரேனும் சொல்வராயின், ஜனநாயகத்தின் தன்மையை அவர்கள் அறியாதவர்களே. வாக்கு என்பது அந்தந்தக் காலத்தில் அந்தந்த மனிதருக்கு அளிக்கும் நம்பிக்கை. சாசனம் செய்துகொடுத்த இனாம் நிலமன்று. அதனால்தான் 1967-ல் சொந்த ஊரான விருதுநகரே காமராஜரைக் கைவிட்டபோதும், அவர் ஜனங்களின் தீர்ப்பைத் தலைவணங்கி ஏற்றார். குடியாத்தம் அதன்பின்னும் எந்த ஒரு கட்சிக்கும் அடிமைப்படவில்லை. 1980-லும் 1989-லும் மார்க்ஸிஸ்டு கட்சியின் கே.ஆர். சுந்தரமும், 2006-ல் அதே கட்சியின் லதாவும் அங்கு வெற்றி பெற்றனர். தொகுதி சீரமைப்பில் ஆதிதிராவிட வகுப்பினருக்கு ஒதுக்கப்பட்ட பின்னர், 2011-ல் இந்தியக் கம்யூனிஸ்டு கட்சியின் லிங்கமுத்து வந்தார். தறியும் பீடித் தட்டும் உள்ள ஊரில் தொழிலாளர் கட்சிகள் செல்வாக்குப் பெற்றதில் வியப்பில்லை.

இதுவரை கூறியது பெருமை. இனிக் குறையைக் கூறுவோம்.

2016 மே மாதத்தில் அ.இ.அ.தி.மு.க.வைச் சேர்ந்த ஜயந்தி பத்மநாபனைக் குடியாத்தம் தெரிந்தெடுத்தது. அக்கட்சியின் உட்பூசலில், முதன்மந்திரியின் மீது நம்பிக்கையில்லை என்று கவர்னரிடம் மனுக்கொடுத்தவர்களுள் அவரும் ஒருவர். 2017 செப்டம்பர் 18-ந் தேதி சபாநாயகர் அவரையும் சேர்த்து 18 அங்கத்தினரைத் தகுதி நீக்கம் செய்தார். வழக்கு ஹைகோர்ட்டுக்குச் சென்றது. தொகுதிகளுக்கு உப தேர்தல் அறிவிக்கக் கூடாதென்று தடையுத்தரவு பிறந்தது. 2018 ஜூன் மாதத்தில் இரு நீதிபதிகளும் அபிப்பிராய பேதம் கொண்டனர். மூன்றாவது நீதிபதி அவ்வருஷம் அக்டோபர் 25-ந் தேதி சபாநாயகரின் உத்தரவை உறுதி செய்தார். அதன் பின்னரும் 2019 ஏப்ரல் 18-ந் தேதி வரையில் தேர்தல் நடக்கவில்லை. மே 23-ந் தேதி வாக்குகள் எண்ணப்பட்டு, தி.மு.க.வின் காத்தவராயன் வெற்றி பெற்றார். இருபது மாதம் அத்தொகுதிக்குச் சட்டசபையில் நா இல்லை.

அத்துடன் சோதனை தீரவில்லை. குடியாத்தம் வேலூர் பார்லிமெண்டுத் தொகுதியில் அடங்கியது. பணம் கைப்பற்றப்பட்ட காரணத்தால் வேலூரின் பார்லிமெண்டுத் தேர்தல் கடைசி நேரத்தில் ரத்தாயிற்று. சட்டசபைக்கு ஏப்ரலில் வாக்களித்த அதே ஜனங்கள் பார்லிமெண்டுக்கு வாக்களிக்க ஆகஸ்டு 5-ந் தேதி வரையில் காத்திருந்தனர். பின்னர் 2020 பிப்ரவரி 28-ந் தேதி காத்தவராயன் காலமானார். சபையின் ஆயுள் அப்பொழுது ஓராண்டுக்கு மேலும் எஞ்சியிருந்தது. ஜனப் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவுப்படி ஆறு மாதத்திற்குள் உப தேர்தல் நடந்திருக்க வேண்டும். கொரோனா தொற்றைக் காரணமாகக் காட்டி அது கைவிடப்பட்டது. அத்தொற்றின் நடுவிலேயே, அவ்வருஷம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பீஹார் முழுவதிலும் பொதுத் தேர்தலே நடந்தேறியதை நாடு கண்டது. குடியாத்தத்தின் ஸ்தானமோ 2021 மே மாதம் வரை, மேலும் பதினான்கு மாதம், காலியாகவே கிடந்தது.

கணக்கைக் கூட்டிப் பாருங்கள். அறுபது மாத ஆயுளுடைய சட்டசபையில் முப்பத்து நான்கு மாதம் குடியாத்தத்திற்குப் பிரதிநிதி இல்லை. பாதிக்கு மேற்பட்ட காலம்! முதன்மந்திரியே வந்து கைகூப்பி வாக்குக் கேட்ட தொகுதிக்கு நேர்ந்த கதி இது.

பிரதிநிதி இல்லாவிட்டால் என்ன குடி முழுகிப் போயிற்று, தாசில்தாரும் கலெக்டரும் இருக்கிறார்களே என்று கேட்போர் உண்டு. இது அன்னிய ஆட்சியின் வாதம்; அக்காலத்து வெள்ளைக்காரக் கலெக்டர்களும் இதையே சொன்னார்கள். உத்தியோகஸ்தர் வேலை செய்யலாம். ஆனால் அவரைக் கேள்வி கேட்பது யார்? நூல் விலை ஏறினால் நெசவாளியின் முறையீட்டைச் சபையில் எழுப்புவது யார்? வரவு செலவுத் திட்டத்தின்மீது அத்தொகுதியின் சம்மதத்தையோ மறுப்பையோ தெரிவிப்பது யார்? மேலும், 234 ஸ்தானங்களில் 18 காலியாக இருக்கும்போது, சபையின் பெரும்பான்மைக் கணக்கே மாறிவிடுகிறது. பதினெட்டுத் தொகுதி ஜனங்களின் குரலைக் கழித்துவிட்டு ஆட்சியின் பலத்தை அளப்பது எவ்வாறு நியாயமாகும்?

அந்த 18 பேர் செய்தது சரியா, சபாநாயகர் செய்தது சரியா என்ற விவாதத்தில் நாம் இங்கே இறங்கவில்லை. நீதிஸ்தலம் அதில் தீர்ப்புக் கூறிவிட்டது. நமது கேள்வி வேறு. குற்றம் அங்கத்தினருடையதாயினும் சபாநாயகருடையதாயினும், தண்டனை வாக்காளருக்கு ஏன்? இருவர் வழக்காடும்போது, வழக்கில் கட்சிக்காரராகச் சேராத மூன்றாமவரின் சொத்தை ஜப்தி செய்வதற்கு எந்தக் கோர்ட்டும் சம்மதியாது. இங்கே ஜப்தியானது ஜனங்களின் வாக்கு.

ஆகவே சில சீர்திருத்தங்கள் அவசியம். முதலாவது, தகுதி நீக்க வழக்குகளை ஹைகோர்ட் விசாரித்து முடிப்பதற்குச் சட்டத்திலேயே காலவரையறை விதிக்க வேண்டும். தேர்தலைக் காலவரையின்றித் தடுக்கும் உத்தரவுகளுக்கும் எல்லை வேண்டும். இரண்டாவது, கட்சி மாறுதல் பற்றித் தீர்ப்புக் கூறும் அதிகாரத்தை, ஒரு கட்சியின் ஆதரவினால் பதவி பெற்ற சபாநாயகரிடமிருந்து எடுத்து, சுயேச்சையான நீதிமன்றம் போன்றதோர் அமைப்பினிடம் ஒப்புவிக்க வேண்டும். சுப்ரீம் கோர்ட்டே 2020 ஜனவரியில் இதைப் பார்லிமெண்டு ஆலோசிக்கும்படி கூறியிருப்பதுடன், இத்தகைய மனுக்களை மூன்று மாத காலத்திற்குள் சபாநாயகர் பைசல் செய்வதே முறை என்றும் குறிப்பிட்டது. மூன்றாவது, உப தேர்தல் நடத்த முடியாது என்று முடிவு செய்யும்போது, அதற்குரிய காரணங்களை அத்தொகுதி ஜனங்களுக்கு விவரமாகப் பிரசுரிக்கும் கடமை தேர்தல் கமிஷனுக்கு உண்டு.

உப தேர்தல் என்றால் பணம் விளையாடுகிறது, செலவு மிகுகிறது என்று ஆட்சேபிப்போர்க்கு நமது பதில் சுருக்கமானது. வயலில் களை மண்டினால் களையைப் பிடுங்க வேண்டும். சாகுபடியையே நிறுத்துவது விவசாயமாகாது.

தேசபக்தர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு தொகுதியிலும் அதன் பிரதிநிதிகளின் சரித்திரத்தை எழுதி வையுங்கள். யார் வந்தார், என்ன பேசினார், எத்தனை மாதம் ஸ்தானம் காலியாயிருந்தது என்பதைச் சிறு பிரசுரமாக அச்சிட்டு வாக்காளர் கையில் கொடுங்கள். வாக்குக் கேட்டு வருவோரிடம் கட்சிக் கொள்கையைக் கேட்பதுடன், ‘எங்கள் ஸ்தானம் காலியானால் ஆறு மாதத்தில் நிரப்பச் சபையில் போராடுவீரா?’ என்றும் கேளுங்கள். 1954-ல் குடியாத்தத்திற்கு வந்து நின்ற தலைவர், பதவிக்கு வழி ஜனங்களின் வாசல் வழியே என்று செய்து காட்டினார். அவ்வாசலை மாதக் கணக்கில் பூட்டி வைக்கும் உரிமை எந்த ராஜாங்கத்திற்கும், எந்தக் கட்சிக்கும் கிடையாது.