வேலி போட்டால் போதுமா?

கோயில் என்றால் கோபுரம் தெரியும், கோட்டை என்றால் மதில் தெரியும். முன்னோர்களைப் புதைத்த ஈமக்காடு அப்படி இல்லை. பார்ப்பவர் கண்ணுக்கு அது வெறும் சரளை மேடு. ஆடு மேய்க்கலாம், கிராவல் அள்ளலாம், மனை போடலாம் என்றுதான் தோன்றும். சட்டமும் வேலியும் அவசியம்தான். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லாத வேலியால் பாதிப் பயன்தான் என்பது என் கட்சி.

தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூரைப் பாருங்கள். 114 ஏக்கர் மேடு, மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டியெடுத்தவை பெர்லினுக்குப் போய்விட்டன. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டியதில் தாழிகள், இரும்புக் கருவிகள், வெண்கலச் சாமான்கள், தங்க நெற்றிப்பட்டம் எல்லாம் கிடைத்தன. 2004-05-இல் மறுபடி தோண்டினார்கள், 150-க்கு மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. அவற்றின் வயது என்ன? அது 2019-இல்தான் தெரிந்தது, அதுவும் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடந்த பிறகு. ஒரு மாதிரி கி.மு. 905, இன்னொன்று கி.மு. 696. இதற்குப் பதினைந்து வருஷம்! நம் பென்ஷன் ஃபைல்கூட இதைவிட வேகமாக நகர்ந்திருக்கும்.

இப்போது அங்கே குழியின் மேல் கண்ணாடி பதித்து, தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்க வைத்திருக்கிறார்கள். அதுதான் சரியான வழி.

நம் பக்கமும் இது உண்டு. ஆயி மண்டபத்துக்கு முத்திரையர்பாளையத்திலிருந்து தண்ணீர் வந்த கதை புதுச்சேரியில் எல்லோருக்கும் தெரியும். அதே முத்திரையர்பாளையத்திலும் காட்டேரிக்குப்பம் பக்கத்துச் சுத்துக்கேணியிலும் பிரெஞ்சுக்காரர் கசால் பழைய ஈமக்காடுகளைத் தோண்டினார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அவரும் அவர் மனைவியும் எழுதிய நூல் 1956-இல் பாரிசில் வெளிவந்தது, பிரெஞ்சில். சுத்துக்கேணியில் கிடைத்த தங்க நெற்றிப்பட்டம் இருப்பதும் பாரிஸ் கிமே அருங்காட்சியகத்தில்தான். திருப்பித் தா என்று சண்டை போடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். அதன் பெரிய படம் ஒன்றையும், தமிழில் நாலு வரியையும் சுத்துக்கேணியில் வைக்க அரசுக்கு என்ன செலவாகிவிடும்?

எங்கள் சாரத்தில் வயலெல்லாம் மனையாகிவிட்டது. மண்ணாடிப்பட்டு பக்கமும் பிளாட் கற்கள் நடுகிறார்கள். அங்கே உறவுக்காரர் இருப்பவர்கள் இதைச் சொல்லி வையுங்கள்: கடைக்கால் தோண்டும்போது பெரிய பானையின் வாய் தெரிந்தால், கடப்பாரையை நிறுத்திவிட்டு முதலில் கிராம நிர்வாக அதிகாரிக்குத் தகவல் கொடுக்கட்டும்.